துத்திக் கதவு

ஒரு செடிக்குச் சிலை வைப்பதற்காக அந்தச் செடியையே வேரோடு பிடுங்கி எறிந்த நகராட்சி எங்களுடையது. இதில் மிகை ஒன்றும் இல்லை. நகராட்சிப் பூங்காவின் பின்புறம், அலுவலகக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில், யாரும் விதைக்காமலும் யாரும் நீர் ஊற்றாமலும் துத்தி மண்டிக் கிடந்தது. ஆளுயரத்துக்கு வளரும் காட்டுச்செடி அது. இதய வடிவில், தடவினால் வெல்வெட்டுத் துணியைப் போன்ற இலை. நாணயத்தளவு மஞ்சள் பூ. பல்சக்கரம் போன்ற காய். இத்தகைய செடிக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானித்தார்கள். மதிப்பளிக்க இடம் வேண்டுமல்லவா? ஆகவே இடத்தைச் சுத்தம் செய்தார்கள்.

துத்தி தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் மண்ணுக்கே உரிய காட்டுச்செடி ஒன்றை ‘ஊர்ச்செடி’ என்று அறிவித்துக்கொள்ள வேண்டும் என மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. எங்கள் நகராட்சி அந்த ஆணையைப் பிரித்துப் படிப்பதற்குள், அக்கம்பக்கத்து ஊர்கள் மணமுள்ள பூக்களையும் பார்வைக்கு அழகான பூக்களையும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியவை முட்செடிகளும் துத்தியும். மன்றத்தின் மூத்த உறுப்பினர் எழுந்து துத்தியை முன்மொழிந்தார். அவருக்கு உட்கார இயலாத நோய் ஒன்று நெடுங்காலமாக உண்டு. துத்தியிலையின் புண்ணியத்தால்தான் கூட்டம் முடியும்வரை தம்மால் நாற்காலியில் இருக்க முடிகிறது என்று அவர் சொன்னபோது, எவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் அவர் விளக்கிச் சொல்லத் தொடங்கிவிடுவார் என்ற அச்சம் மன்றம் முழுவதும் பரவியிருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிடுங்கும் பணியைச் செய்து முடித்தவர் பூங்காக் கண்காணிப்பாளர். அவர் என் மனைவியின் தம்பி. களை பிடுங்குவதில் அவருக்கு இணையானவரை நான் கண்டதில்லை. ‘தூய நகரம்’ என்ற பெயரில் அவரும் அவருடைய ஆட்களும் சாலையோரம், சாக்கடையோரம், மயானத்து மதிலோரம் எனத் துத்தி தலைகாட்டிய இடமெல்லாம் தேடிச் சென்று பிடுங்கி, அதற்காகப் பாராட்டும் பெற்றிருந்தார்கள். அந்தத் துறையின் ஆட்கள் விடிந்ததும் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். அதன்பின் பூங்கா இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். இந்த வழக்கம் இக்கதைக்கு மிகவும் முக்கியமானது. படிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மைத்துனருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய அலுவலக அறையை ஒட்டிய தனிக் கழிப்பறை. அதைப் பெறுவதற்கு அவர் ஏறி இறங்காத படி இல்லை. அதற்கு உறுதியான மரக்கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், கதவின்மேல் ‘கண்காணிப்பாளர் மட்டும்’ என்று வெள்ளை எழுத்தில் ஒரு பலகை. உறவினர் வீட்டுக்கு வந்தால் பிறர் தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். இவர் அந்தக் கதவைப் பற்றிப் பேசுவார். திருமணமான புதிதில் அவருடைய மனைவியை அழைத்துச் சென்று காட்டிய முதல் இடம் அதுதான் என்று என் மனைவி சொல்வாள். தம்பி என்றும் பாராமல் சொல்வாள்.

சிமெண்டுச் சிலை எழும்பியது. துத்திக்கு ஐந்து இதழ். சிலைக்கு ஆறு. கொத்தனாரிடம் கேட்டதற்கு, ஐந்தாக வைத்தால் ஒரு பக்கம் கனம் குறைகிறது என்றார். கல்வெட்டில் இருந்த சந்திப்பிழைகளைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பேசினால் கதை முடியாது.

திறப்புவிழாவுக்கு முந்தைய நாள் நண்பகலில்தான் இடி விழுந்தது. சிலையைத் திறந்துவைக்க வரும் அமைச்சர், சிலையின் அடியில் உயிருள்ள துத்திச்செடிக்குத் தம் கையால் நீர் ஊற்ற விரும்புகிறார் என்று செய்தி வந்தது. செடி பூத்திருக்க வேண்டும். படம் எடுக்க மஞ்சள் நிறம் தேவை. நகராட்சித் தலைவர் மைத்துனரை அழைத்தார். அவர் பேசும்போது குரலை உயர்த்தமாட்டார். அதுதான் பயம்.

“நாளைக்கு அமைச்சர் முன்னால பூத்த செடி ஒண்ணு நிக்கணும். நின்னா நீ இங்கயே இருப்பே. நிக்கலைன்னா நாளன்னைக்குக் காலையில குப்பைக் கிடங்குல கையெழுத்துப் போடு.”

குப்பைக் கிடங்கு ஊருக்கு வெளியே, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே மாற்றப்பட்ட அதிகாரி எவரும் திரும்பி வந்ததில்லை. அங்கே அலுவலகம் என்பது ஒரு தகரக் கொட்டகை; கழிப்பறை என்பது அடிவானம்வரை பரந்த வெளி. தனிக் கதவுக்காகவே வாழ்ந்த மனிதருக்கு அது எத்தகைய தண்டனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்குள் துத்தி இல்லை. அதைத் தாமே உறுதிசெய்து பாராட்டு வாங்கியிருந்தார். ஆட்களை ஊருக்கு வெளியே அனுப்பினார். நண்பகலுக்குப் பிறகு வேலை செய்த அதிர்ச்சியிலேயே பாதிப்பேர் களைத்துப்போனார்கள். மீதிப்பேர் பிடுங்கி வந்த செடிகள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் தலைதொங்கிவிட்டன. துத்தியின் வேர் ஆழமானது. பிடுங்குவதற்குப் பழகிய கைகளுக்குப் பெயர்க்கத் தெரியவில்லை. மண்ணோடு, வாடாமல், நின்ற நிலையில் இருக்கும் ஒரு செடி வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு, தமக்குக் குப்பைக் கிடங்கில் எத்தனை ஆண்டு சேவை மிச்சமிருக்கிறது என்று உரக்கக் கணக்குப் போட்டார். என் மனைவி சமையலறையிலிருந்தே, கணக்கை நிறுத்திவிட்டு யோசிக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஊரிலுள்ள கொல்லைப்புறங்களை எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யார் வீட்டில் குப்பை, யார் வீட்டில் கழிவுநீர் என்று குறை சொல்லிக்கொண்டிருப்பவர் நான்தானே, எங்கும் ஒரு செடிகூடவா கண்ணில் படவில்லை என்று கேட்டாள். கேள்வியின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பதில் என்னிடம் இருந்தது.

பின்தெருவில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். என் சட்டைகளின் கழுத்துப்பட்டை நைந்துபோனால் திருப்பித் தைத்துத் தருபவர் அவர்தான். அளவெடுக்கும்போது நாம் சொல்லும் அளவை ஒருபோதும் நம்பாதவர். அவருடைய தையல் அறையின் ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறம் தெரியும். அங்கே, சாலைபோடுபவர்கள் விட்டுச்சென்ற பழைய தார் டிரம் ஒன்றில், ஆளுயரத் துத்தி ஒன்று அடர்ந்து நிற்பதை நான் பல மாலைகளில் பார்த்திருக்கிறேன்.

இருவரும் போனோம். வெயில் சாயும் நேரம். செடி உச்சி முதல் அடிவரை மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. மைத்துனர் அதைக் கண்டதும் கைகூப்பிவிட்டார். கடவுளைக் கண்டால்கூட அவர் அவ்வளவு விரைவாகக் கைகூப்பியிருக்கமாட்டார்.

தையற்காரம்மா இயந்திரத்தை நிறுத்தாமலே எங்களை ஏறிட்டுப் பார்த்தார். நான் விவரத்தைச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

“தம்பிதான் நகராட்சியா?”

தாம் நகராட்சி அல்லர், அதில் ஓர் அதிகாரி மட்டுமே என்று மைத்துனர் பணிவாகச் சொன்னார்.

“சாக்கடை தோண்ட வந்த உங்க ஆளுங்க என் குளியலறைக் கதவை உடைச்சுட்டுப் போனாங்க. கக்கூஸும் அதுக்குள்ளதான். கேட்டா, அது வேற துறைன்னாங்க. அந்த டிரம்ல தானா ஒரு செடி முளைச்சுது. நகர்த்திக்கிட்டு வந்து குளியலறை வாசல்ல நிறுத்தினேன். பின்னால லாரிக்காரங்க நிக்கிற இடம், பாருங்க. அன்னையிலிருந்து இதுதான் எனக்கு மறைப்பு. உங்களுக்கு அது செடி, தம்பி. எனக்கு அது கதவு.”

வேறு செடி வைத்து வளர்த்துத் தருவதாக மைத்துனர் சொன்னார்.

“அது வளர்ற வரைக்கும் நான் குளிக்காம இருக்கவா? இல்ல, நீங்க வந்து துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?”

மைத்துனரின் காதுமடல்கள் சிவந்தன. அரசுப் பணியில் இருபாலரிடமும் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற விதியை அவர் முணுமுணுத்ததாக எனக்குக் கேட்டது. நாளைய விழாவைப் பற்றியும், குப்பைக் கிடங்கைப் பற்றியும், தம் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் எடுத்துச் சொன்னார். தையற்காரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“கதவு இன்னைக்கு வந்தா, செடி இன்னைக்குப் போகும்.”

தச்சரிடம் ஓடினோம். அவர் கதவு செய்ய ஒரு வாரம் ஆகும் என்றார். மரக்கடையில் நிலையளவுக்கு ஏற்ற கதவு இல்லை. தகரம் வைத்து அடைக்கலாமா என்று கேட்டதற்குத் தையற்காரம்மா, தகரத்துக்குள் குளிக்கத் தாம் சுண்டெலி அல்லர் என்று சொல்லியனுப்பினார். மைத்துனர் மீண்டும் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து விழுந்து, மீண்டும் கணக்குப் போடத் தொடங்கினார். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஊரு உலகமெல்லாம் ஒரு கதவைப் பத்திப் பீத்திக்கிட்டு இருப்பியே, அது எதுக்குடா இருக்கு? கழட்டு.”

“அக்கா, அது அரசாங்கக் கதவு.”

“அந்தம்மா கதவை உடைச்சதும் அரசாங்கம்தானே? கடனைத் திருப்பிக் கொடு.”

தம்பியின் முகத்தில் அப்போது தோன்றிய துயரத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அவருடைய தந்தையார் காலமானபோதுகூட இவ்வளவு உடைந்துபோகவில்லை.

கீல்களைக் கழற்றுகையில் அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். கதவின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அவருமாகப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். யாராவது கேட்டால் பழுதுபார்க்கக் கொண்டுபோவதாகச் சொல்லும்படி அவர் என்னைக் கெஞ்சினார். பொய் சொல்வது என் வழக்கம் அன்று. ஆனால் கதவின் கனம் ஒரு மனிதனின் ஒழுக்கத்தை எந்த அளவுக்கு அசைக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முதல் திருப்பத்திலேயே என் பழைய மாணவன், இப்போது மருந்துக்கடை வைத்திருப்பவன், ஓடி வந்தான்.

“சார், வீடு மாறுறீங்களா?”

“வீடு மாறல. கதவுதான் மாறுது.”

அவன் பலகையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான். என்னைப் பார்த்தான். மைத்துனரைப் பார்த்தான். பிறகு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் வானத்தைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் போய்விட்டான். நல்ல மாணவன்.

தையற்காரம்மா அளவுநாடாவை எடுத்து நிலையையும் கதவையும் அளந்தார். கதவு இரண்டு விரற்கடை நீளம் அதிகம். துணியாக இருந்தால் மடித்துத் தைத்திருக்கலாம் என்று வருந்தினார். அடியில் இழைத்துச் சரிசெய்து மாட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. மைத்துனர் பலகையை மட்டுமாவது கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். முடியாது என்றார் அம்மையார். சட்டை வாங்கினால் பொத்தானோடுதான் வாங்குவது அவருடைய வழக்கமாம்.

டிரம்மை ஏற்றுவதற்கு நகராட்சியில் அப்போது கிடைத்த ஒரே வண்டி குப்பை வண்டி. மைத்துனர் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார். நான் அவரைத் தேற்றினேன். செடி நின்ற நிலையில், ஒரு பூவும் உதிராமல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பந்தல், நாற்காலிகள், வாத்தியக்காரர்கள் எல்லாம் தயார். நகராட்சித் தலைவர் வெள்ளை உடையில் வந்து செடியின் முன் நின்றார். செடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மறுபடியும் ஒரு சுற்று.

“பூ எங்கே?”

நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். ஒரு பூ இல்லை. நேற்று மாலை மஞ்சளாகச் சொரிந்திருந்த செடி இப்போது முழுக்கப் பச்சை. நேற்றைய பூக்கள் வாடிச் சுருண்டிருந்தன. இன்றைய மொட்டுகள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தன, தேர்வறையில் விடை தெரியாத மாணவனைப் போல. மைத்துனர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கில் துத்தியைப் பிடுங்கியவர்கள் அவர்கள். ஆனால் நேற்று மாலைவரை ஒருவர்கூட அதன் பூவைப் பார்த்ததில்லை என்று அப்போது தெரியவந்தது. இது பூக்கிற செடி என்பதே தமக்கு இந்த விழாவால்தான் தெரியும் என்றார் மேஸ்திரி.

செடிக்கு வழியில் ஏதேனும் கோளாறு நேர்ந்ததா என்று கேட்டுவர என்னை அனுப்பினார்கள். தையற்காரம்மா புதுக் கதவுக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை மெச்சினார். பூவைப் பற்றிக் கேட்டதற்கு, “யாரு பார்த்தா? எனக்கு இலை போதும்” என்று பதில் வந்தது.

நான் திரும்பி வந்து சொன்னதும் தலைவர் மைத்துனரின் தோளில் கைவைத்தார். குரல் உயரவில்லை.

“அமைச்சர் வர்றதுக்குள்ள பூ வரணும். வரலைன்னா, அதோ நிக்குதே அந்த வண்டி, அதுலயே ஏறிக்க. எங்க போகும்னு உனக்கே தெரியும்.”

குப்பை வண்டி வேலியோரம் நின்றது. மைத்துனர் அதன்பின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மொட்டுகளுக்கு வெதுவெதுப்பான நீர் தெளித்தார். விசிறினார். ஒரு மொட்டைக் கையால் பிரித்துப் பார்த்து, அது கிழிந்ததும் கண்கலங்கினார். எழுத்தர் ஒருவர் காகிதப் பூ ஒட்டலாம் என்று யோசனை சொன்னார். ஒட்டிப் பார்த்ததில் முதல் காற்றுக்கே அது பறந்து போய் வாத்தியக்காரரின் குழலுக்குள் புகுந்துகொண்டது.

அமைச்சர் காலையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நண்பகலிலும் வரவில்லை. நேரம் தவறுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. நான் பணியில் இருந்தபோது மணி அடித்தபின் வந்தவன் யாராக இருந்தாலும் வாசலில்தான் நின்றான். தலைமையாசிரியரின் மகனும் நின்றான். இங்கோ ஊரே வெயிலில் உட்கார்ந்து, இதோ கிளம்பிவிட்டார், அதோ வருகிறார் என்ற செய்திகளைத் தின்று பசியாறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்விட முனைந்தபோதெல்லாம் மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அத்தான், வரலைன்னா ரொம்ப நல்லது. வராமலே போயிட்டா இன்னும் நல்லது” என்று அவர் கிசுகிசுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் நேரம் தவறுவதற்காக வேண்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது வாகனங்கள் வந்தன. அமைச்சர் இறங்கினார். இறங்கிய விதமே விந்தையாக இருந்தது: ஒரு பக்கமாகச் சாய்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். மன்றத்தின் மூத்த உறுப்பினர் அந்த நடையைக் கண்டதும் தம் உறவினரைக் கண்டவர்போல் முகம் மலர்ந்தார். வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி வந்த காரணத்தைப் பிறகு ஓட்டுநர் சொன்னார்; அதை நான் எழுதப்போவதில்லை. மாலை போட வந்த தலைவரை அமைச்சர் விலக்கி, காதில் ஏதோ சொன்னார்.

தலைவருக்கு ஒரே பெருமை. தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த கழிப்பறை இருபது அடியில் இருந்தது. “வாங்க ஐயா. தனி அறை. கதவு பிரமாதமா இருக்கும்” என்று கையைப் பற்றி அழைத்துச் சென்றார். மைத்துனர் வாயைத் திறந்தார். ஒலி வரவில்லை. நாங்கள் பின்னால் ஓடினோம்.

கழிப்பறை சுத்தமாக, வெளிச்சமாக, வாசல் திறந்து, ஊரை நோக்கியிருந்தது. நிலையில் கீல் இருந்த இடங்களில் வெறும் துளைகள். தலைவர் துளைகளைப் பார்த்தார். பிறகு மைத்துனரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் குப்பைக் கிடங்கே சொர்க்கமாகத் தெரிந்தது. அமைச்சருக்கோ எவரையும் பார்க்க நேரம் இல்லை. அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

அப்போது மைத்துனருக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை.

“செடியைத் தூக்குங்கடா.”

ஆட்களில் நால்வரும் நானும் டிரம்மைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்து, வாசலை அடைத்து நிறுத்தினோம். இலைகள் நிலையை அடைத்தன. ஓர் இடுக்கும் இல்லை. அந்தச் செடிக்கு நன்றாகத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். தலைவர் வாத்தியக்காரர்களுக்குக் கைகாட்டினார். அவர்கள் தம்மால் இயன்ற அளவு உரக்க வாசித்தனர். நானும் மைத்துனரும் செடியின் இருபுறமும் வெளிப்பக்கம் பார்த்துக் காவல் நின்றோம். கல்வித் துறையில் என் பணிக்காலம் நெடியது. அதில் ஒருநாளும் எனக்கு இத்தகைய பொறுப்பு அளிக்கப்பட்டதில்லை.

நெடுநேரம் ஆயிற்று. வாத்தியக்காரர்கள் ஒரே மெட்டை மறுபடியும் தொடங்கினார்கள். பிறகு செடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“யாருய்யா வெளியே?”

தாம் கண்காணிப்பாளர் என்றார் மைத்துனர்.

“இது என்ன செடி?”

“துத்திங்க ஐயா. ஊர்ச்செடி.”

உள்ளே இலைகள் அசைந்தன.

“திறக்குதுய்யா. மொட்டு. என் மூக்குக்கு முன்னாலயே திறக்குது.”

நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், ஆனால் செடியைத்தான் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே, காலையெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த மொட்டு ஒன்று மெல்ல முறுக்கவிழ்ந்து மஞ்சளாக விரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே இரண்டு. சாயும் வெயிலுக்குத்தான் அது இவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறது. எங்கள் நகராட்சியில் எவரும் அந்த நேரத்தில் வேலை செய்து பழகவில்லை, அவ்வளவே. மைத்துனர் செடியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, ஓசையின்றி அழுதார்.

உள்ளேயிருந்து வேறோர் ஓசையும் வந்தது: இலை கிள்ளும் ஓசை. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தொடர்ச்சியாக. செடியின் நடுவில் வெளிச்சம் தெரியத் தொடங்கியது. நாங்கள் இருவரும் பார்வையை அவசரமாகத் திருப்பிக்கொண்டோம்.

அமைச்சர் வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் அமைதி இருந்தது. சட்டைப்பைகள் இரண்டும் புடைத்திருந்தன. மூத்த உறுப்பினர் அந்தப் புடைப்பைக் கண்டு தலையசைத்தார், அமைச்சரும் தலையசைத்தார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சுத் தேவைப்படவில்லை.

சிலை திறக்கப்பட்டது. அமைச்சர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேடையேறி, நின்றுகொண்டே பேசினார். வாழ்நாளில் எத்தனையோ மலர்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறாராம். ஆனால் ஒரு மலர் மலர்வதைத் தனிமையில், அமைதியாக, இவ்வளவு அருகிலிருந்து கண்டது இதுவே முதல்முறையாம். கூட்டத்தில் பாதிப்பேர் உருகினார்கள். இடம் அறிந்த மற்றப் பாதிப்பேர் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். இறுதியில் அவர், அந்தச் செடியை அந்த வாசலில் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். தலைவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மைத்துனரை முன்னால் தள்ளினார்.

“இந்த மாதிரி ஆளுங்கதான் ஊருக்கு வேணும். இவரை இந்த இடத்தை விட்டு எங்கேயும் மாத்தக் கூடாது. அந்தச் செடியும் அங்கயே இருக்கணும். கதவு கிதவு போட்டு அதை மறைச்சுடாதீங்க.”

கைதட்டல் ஓங்கியது. குப்பை வண்டி காலியாகத் திரும்பிப் போனது. என் மனைவி அன்று தம்பிக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, அமைச்சரின் கடைசி வாக்கியத்தை அப்போதுதான் உணர்ந்தவர்போல், உருண்டையைப் பாதியில் நிறுத்தினார்.

வாய்மொழி ஆணைதான், ஆனால் தலைவர் அதை எழுத்து ஆணையைவிடப் பக்தியோடு காத்துவருகிறார். மைத்துனரின் பதவி நிலைத்தது. கதவு வரவில்லை. துத்திக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் தம் பணிக்காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். மழைக்காலம் முடியும்வரை குறையில்லை. பிறகு வறட்சி வந்தது, கூடவே மாவுப்பூச்சி வந்தது. இலைகள் சுருண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மிஞ்சியவற்றை மூத்த உறுப்பினர் வாரந்தோறும் வந்து கிள்ளிக்கொண்டு போகிறார். அவரைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. களை பிடுங்குவதில் பாராட்டுப் பெற்ற மனிதர் இப்போது தினமும் ஒரு களைக்கு எருவிட்டு, நீர் ஊற்றி, தளிர் வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார். அவருடைய ஆட்களும் மாலைவரை இருந்து பார்க்கிறார்கள்.

சென்ற வாரம், செடியில் இலை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாத ஒரு நாளில், நான் சட்டை தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கப் பின்தெருவுக்குப் போயிருந்தேன். மைத்துனர் அங்கே கொல்லைப்புறத்தில், தம் பழைய கதவுக்கு முன்னால், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே நீர் ஊற்றும் ஓசை கேட்டது.

“அம்மா, கொஞ்சம் சீக்கிரம்” என்றார்.

“பலகையில என்ன எழுதியிருக்கு, தம்பி?”

அவர் என்னைப் பார்த்தார். வேறு வழியின்றிப் படித்தார்.

“கண்காணிப்பாளர் மட்டும்.”

“அப்ப நில்லுங்க. கண்காணிப்பாளர் உள்ள இருக்கேன்.”